வேலை மேசைக்கு ஒரு தேக்குத் தட்டு

மரவேலை கேள்வி பதில்

(பதில் சொல்பவர் கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மர மாதிரி, செய்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: நான் பள்ளி ஆசிரியன். லீவு நாட்களில் மரவேலை செய்கிறேன். பேக்கிங் பெட்டி பைன் மரத்தை வாங்கி நானே ஒரு பெஞ்சு செய்தேன். நீளம் 5 அடி, அகலம் 22 அங்குலம், உயரம் 33 அங்குலம். கால்கள் 3க்கு 3. தரையிலிருந்து 8 அங்குலம் மேலே நாலு பக்கமும் சட்டம் ஓடுகிறது. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவி, காலில் போட்ட துளைக்குள் செருகிப் பசை வைத்துச் சேர்த்தது. இழைப்புளி தள்ளும்போது பெஞ்சும் கூடவே நகர்கிறது, கொஞ்சம் ஆடவும் செய்கிறது. தாத்தா வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவுப் பலகை நாலு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 5 அடி நீளம், 6 அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குலக் கனம். இதைக் கீழ்த்தட்டாகப் போட்டால் பெஞ்சு நிற்குமா? எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர், பலகைகளைப் பசை போட்டு ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கிவிடச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
— ஆசிரியர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்: தட்டு கண்டிப்பாகப் போடுங்கள் ஐயா. ஆனால் பசை போட்டு ஒன்றாக்கிச் சுற்றிலும் முடுக்குவது வேண்டாம். அது ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன். ஏனென்றால் அதே தப்பை நானும் செய்து ஒரு நல்ல பலகையை இழந்திருக்கிறேன்.

முதலில், நகர்வது வேறு, ஆடுவது வேறு. பெஞ்சின் ஒரு முனையில் நின்று இரண்டு கையாலும் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். அப்போது கீழ்ச்சட்டம் காலோடு சேரும் இடத்தில் உங்கள் வீட்டில் யாரையாவது விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடம் திறந்து மூடினால் பொருத்து தளர்ந்திருக்கிறது. அங்கே அசைவே இல்லாமல் நாலு காலும் தரையில் வழுக்கினால் எடை போதவில்லை. தட்டு தீர்க்கக்கூடியது இந்த இரண்டாவதை மட்டும்தான். பொருத்து தளர்ந்த பெஞ்சில் என்ன தட்டைப் போட்டாலும் ஆட்டம் நிற்காது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் இருக்கிறது. எனவே தட்டில் கை வைப்பதற்கு முன்னால் பொருத்தைக் கவனியுங்கள். தளர்ந்த கழுந்தைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்தால் வெள்ளைப் பசை இளகும். கொட்டாப்புளியால் தட்டிக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிக் காயவிடுங்கள். அப்புறம் மூங்கில் ஆணி. காலில் துளையின் இரண்டு கன்னத்தையும் ஊடுருவி 3 நூல் அகலத்துக்கு ஓட்டை போடுங்கள். (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) கழுந்தை உள்ளே செருகி, அந்த ஓட்டை வழியாகத் துரப்பண முனையால் கழுந்தின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, புள்ளியில் ஓட்டை போடாமல், கழுந்தின் தோள் (கழுந்து தொடங்கும் படி) பக்கமாக அரை நூல் தள்ளிப் போடுங்கள். இப்போது கூரான மூங்கில் ஆணியை அடித்தால், அது அந்த அரை நூலை நேராக்கப் பார்க்கும். நேராக்கும்போது சட்டத்தை இழுத்துக் காலோடு ஒட்ட வைக்கும். உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி மூங்கிலாகப் பாருங்கள், வெளித்தோல் பக்கத்தை விடாமல் சீவுங்கள். இப்படி இறுக்கிய பொருத்துக்குப் பசைகூட அவசியமில்லை.

சரி, இனி எடை. உங்கள் பைன் பெஞ்சு மொத்தமும் முப்பது, நாற்பது கிலோதான் இருக்கும். அழுத்தி இழைக்கும் ஒரு ஆளுக்கு அது காணாது. நீங்கள் போடப் போகும் தேக்குத் தட்டு சுமார் 10 கிலோ கூட்டும். அதுவும் தரைக்குப் பக்கத்தில் கூட்டும் என்பதால் பலன் அதிகம். மீதியைத் தட்டின் மேல் வைக்கும் சாமான்கள் பார்த்துக்கொள்ளும். எங்கள் பேட்டர்ன் ஷாப்பில் ஒவ்வொரு பெஞ்சின் கீழ்த்தட்டிலும் ஓட்டை விழுந்து கழித்துப் போட்ட வார்ப்புகள் கிடக்கும். பம்ப்பு உறை ஒன்று, மோட்டார் பாடி ஒன்று என்று இரண்டு ஓரத்திலும் வைத்திருப்போம். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். இல்லாவிட்டால் மணல் மூட்டை போதும்.

இப்போது ஆசாரி சொன்ன முறைக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் இரும்பு வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்யும்போது அடிக்கு ஒரு நூல் கூடுதலாக விடுவோம். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது அவ்வளவு சுருங்கும். அதற்கென்றே தனி அளவுகோல் உண்டு. அதில் 'ஒரு அடி' என்று போட்டிருப்பது உண்மையில் 12 அங்குலமும் ஒரு நூலும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் கோலையும் சாதாரணக் கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேஸ்திரி எனக்குக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரும்பு ஒரே ஒரு தடவை சுருங்கும், அத்தோடு முடிந்தது. மரம் அப்படி இல்லை. வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி விரியும், வறண்ட காற்றில் அதைக் கொடுத்துச் சுருங்கும். உங்கள் தாத்தா காலத்துத் தேக்கும் இன்றைக்கு வரை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

நீளவாக்கில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாம். முனையில் பார்த்தால் வளர்ச்சி வளையம் படுத்திருக்கும்படி அறுத்த தேக்குப் பலகை, ஈரம் 1 சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் விரிகிறது. மரங்களில் தேக்கு அடக்கமானது, அதற்கே இவ்வளவு. நாகப்பட்டினத்தில் ஆனி, ஆடி மேல்காற்றுக்கும் கார்த்திகை மழைக்கும் நடுவில் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறுவதாக வைத்துக்கொள்வோம். பசை போட்டுச் சேர்த்த 19 அங்குல அகலப் பலகை ஒரு நூலுக்குச் சற்று மேலே அசையும். சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கியிருந்தால் அந்த ஒரு நூல் எங்கே போகும்? மழைக்காலத்தில் சட்டத்தைத் தள்ளிப் பொருத்தைத் திறக்கும். வெயில் காலத்தில் போக வழியில்லாமல் பலகை நடுவில் பிளக்கும்.

எனக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். வீட்டில் முதன்முதலாக எனக்கென்று ஒரு பெஞ்சு செய்தபோது, வாகைப் பலகை மூன்றை ஒட்டி, ஒரே தட்டாக்கி, பன்னிரண்டு ஸ்க்ரூ முடுக்கினேன். அது ஐப்பசி மழை நேரம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பங்குனியில் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஷெட்டில் தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிளந்து கிடக்கிறது. ஒட்டின இடத்தில் பிளக்கவில்லை, நல்ல மரத்தில் பிளந்திருந்தது. அந்தப் பலகை என் அப்பா வாங்கி நிழலில் அடுக்கிக் காய வைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, விரலை அந்தப் பிளவில் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் கடைசி வரை தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்து வேலை செய்தவர். பெஞ்சு என்பதே எங்கள் வீட்டுக்கு என்னோடு வந்ததுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பலகையை நீளவாக்கில் போடாமல் குறுக்குவாக்கில் போடுங்கள். துண்டு துண்டாக, ஒட்டாமல்.

நீங்கள் கொடுத்த அளவில், நீளச்சட்டம் ஒன்றரை அங்குலக் கனம், காலின் வெளிமுகத்தோடு சேர்த்து வைத்தது என்றால், முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே 19 அங்குலம் இருக்கும். கால்களுக்கு நடுவே நீளம் ஒரு 42 அங்குலம் வரும். இரண்டு நீளச்சட்டங்களின் உள்முகத்திலும் 1 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பரைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு அடியுங்கள். இங்கே பசை போடலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே வாக்கில் ஓடும் மரம். பலகைத் துண்டுகள் அந்த ரீப்பர்களின் மேல் உட்காரும். எடை முழுவதையும் ரீப்பர் தாங்கும், ஸ்க்ரூ தாங்காது.

குறுக்குவாக்கில் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பலகையின் தொய்வு, தாங்கல்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். நீளவாக்கில் 42 அங்குலம் தொங்குவதற்கும், குறுக்கே 17 அங்குலம் தொங்குவதற்கும் சுமார் 15 மடங்கு வித்தியாசம். மோட்டார் பாடியை வைத்தாலும் நடுவில் குழியாது.

தாத்தாவின் பலகையை அறுக்க மனசு வராது என்று தெரியும். கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பலகையின் இரண்டு முனையிலும் ஆணி வெடிப்பை ஒரு அங்குலம் கழித்தால் 58 அங்குலம். அதில் 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மூன்று துண்டு வரும். ஓரம் இழைத்த பிறகு ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால் அங்குல அகலம் நிற்கும் என்றால் உங்களுக்கு வேண்டியது 8 துண்டு. மூன்று பலகை போதும். ஒரு துண்டு மிஞ்சும், நாலாவது பலகை முழுசாக அப்படியே இருக்கும். அதைப் பிற்பாடு, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும் முன் பழைய ஆணியைத் தேடுங்கள். கயிற்றில் கட்டிய காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக நகர்த்தினால் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ஆணியும் காட்டிக் கொடுக்கும். பெயிண்ட் என்றதும் ஒன்று. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா வீட்டுக் கதவில் இருப்பது அதற்கு ரொம்ப முந்தையது. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போடுங்கள், சுரண்டியதைப் பழைய பேப்பரில் பிடித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் ஆசிரியர், வீட்டுக்குப் பிள்ளைகள் வந்து போவார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

துண்டுகளின் ஓரத்தில் அரைக்காடி எடுங்கள். ஒரு பக்கம் மேல்முகத்தில், மறுபக்கம் அடிமுகத்தில், பாதிக் கனத்துக்கு 3 நூல் அகலம். பக்கத்துத் துண்டு அதன் மேல் ஏறி உட்காரும். பலகை சுருங்கி இடைவெளி விட்டாலும் சீவல் கீழே கொட்டாது. தேக்குக்குள் நுண்ணிய மணல் போன்ற சத்து இருப்பதால் இழைப்புளி நாக்கு சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நாக்கை ஒரு தடவை சாணையில் தேய்த்துக்கொண்டால் ஓரம் பிய்யாமல் வரும். நல்ல நாக்கு பழைய தேக்கில் போகும்போது ஒரு தோல் வாசனை எழும், சீவல் கையில் எண்ணெய்ப் பசையோடு சுருளும். அதை நீங்கள் அனுபவிப்பீர்கள்.

துண்டுக்குத் துண்டு எவ்வளவு இடம் விடுவது? 6 அங்குலப் பலகைக்கு மேலே சொன்ன கணக்கில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அசைவு வரும். ஆனி, ஆடியில் மாட்டினால் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி மாட்டுங்கள். அது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மாட்டினால் பலகை ஏற்கனவே விரிந்திருக்கும், ஒரு தபால் அட்டை போக இடம் இருந்தால் போதும். இரண்டு கடைசித் துண்டுகளையும் மாட்டிப் பார்த்து, காலுக்கு நடுவே தளர்வாக உட்காரும்படி அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனைக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ, அகலத்தின் சரிநடுவில். அப்போது பலகை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அசையும். கடல் காற்றுக்கு இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ போடுங்கள். பித்தளை என்றால் நேராக முடுக்காதீர்கள், தேக்கில் தலை முறிந்துவிடும். ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை முடுக்கி எடுத்து வழி பண்ணிவிட்டு, பித்தளையை மெழுகுவர்த்தியில் தேய்த்து முடுக்குங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ரீப்பரைச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே அடிப்பது என்றால், பலகைக் கனத்தைவிட அரை நூல் குறைவாக. பலகை சட்டத்துக்கு மேலே அரை நூல் நீட்டி நிற்கும். சாயங்காலம் தட்டைத் துடைப்பத்தால் தள்ளினால் தூள் எங்கும் தங்காமல் தரைக்கு வந்துவிடும்.

கேள்வி: பெஞ்சுத் தட்டுக்கு 'ஹார்ட்வுட்' போட வேண்டும் என்று படித்தேன். மரக்கடையில் கேட்டால் தேக்கைத்தான் காட்டுகிறார்கள், அந்த விலை என்னால் முடியாது. நாட்டு மரத்தில் எது ஆகும்?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அந்தச் சொல்லுக்குக் கடினம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே அம்மா. அகன்ற இலை மரங்கள் எல்லாம் ஹார்ட்வுட், பைன் மாதிரி ஊசி இலைக்காரர்கள் சாஃப்ட்வுட். தாவரவியல் கணக்கில் முருங்கையும் இலவமும் ஹார்ட்வுட்தான். நகம் பதியும் மரம் அது. எனவே பெயரைக் கேட்காமல் மரத்தைக் கேள்.

என் முதல் வோட்டு பூவரசுக்கு. நெருக்கமான மரம், உளிக்கு இணக்கம், ஈரத்துக்கும் பயப்படாது. அகலமான பலகை கிடைக்காது, ஆனால் மேலே ஆசிரியருக்குச் சொன்ன குறுக்குத் துண்டு முறைக்கு அகலமே வேண்டாமே! அடுத்தது வாகை, வேம்பு. வேம்பில் நார் இங்குமங்கும் திரும்பும், இழைக்கும்போது பிய்யும், பொறுமை வேண்டும். கருவேலமும் புளியும் எடைக்கு அருமை, உன் ரம்பத்துக்குத்தான் சோதனை. மாவுக்கும் ரப்பருக்கும் பூச்சி சீக்கிரம் வரும், மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் மட்டும் வாங்கு. தைலமரம் வேண்டவே வேண்டாம், காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

தேக்கே வேண்டுமென்றால் பழைய மரக் கடைக்குப் போ. உங்கள் ஊரிலிருந்து காரைக்குடி பக்கம்தான். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த பர்மா தேக்கு அங்கே இன்னும் வருகிறது. நிலைக்கால், கதவு என்று கேட்டால் விலை சொல்வார்கள். உடைந்த சட்டம், துண்டு துணுக்கு இருக்கிறதா என்று கேள். 19 அங்குலத் துண்டுதானே நமக்கு வேண்டும்.

புது மரக் கடையில் 'நிலம்பூர்' என்று சொன்னால் மட்டும் மயங்காதே. நிலம்பூருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மலபார் கலெக்டர் கானலி காலத்தில், 1840களில் அங்கே வைத்த தோட்டம்தான் உலகிலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம். ஆனால் பலகையில் ஊர் எழுதியிருக்காது. நீ பார்க்க வேண்டியது வெள்ளை. இளமரத்தை அறுத்தால் ஓரத்தில் வெளிறிய பகுதி அகலமாக இருக்கும். அதைக் கரையானும் தின்னும், பூச்சியும் தின்னும். உள்ளே வைரம் பாய்ந்த பழுப்புப் பகுதிக்குத்தான் தேக்கு என்று பெயரும் விலையும்.

கேள்வி: 'நன்றாகக் காய்ந்தது' என்று சொல்லி விற்ற வேப்பம்பலகை இரண்டே மாதத்தில் படகு மாதிரி வளைந்துவிட்டது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கடையிலேயே என்றால் ஈரமானி ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வேலை தொடங்கும் முன், நிச்சயமான ஒரு சோதனை இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி, ஒரு அங்குலத் துண்டு அறுத்தெடுங்கள். முனை எப்போதும் சீக்கிரம் காயும், அது பொய் சொல்லும். உடனே கிராம் தராசில் எடை போட்டு எழுதுங்கள். 86 கிராம் என்று வையுங்கள். பிறகு அடுப்பு ஓவனில் 100 டிகிரியை ஒட்டி வைத்து, ஒரு மணிக்கு ஒரு தடவை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் முழுக்கக் காய்ந்துவிட்டது. அது 74 கிராம் என்றால், போன தண்ணீர் 12. அதைக் காய்ந்த எடையான 74ஆல் வகுத்தால் சுமார் 16 சதவீதம். 86ஆல் வகுக்கக் கூடாது, பலரும் அங்கேதான் தவறுகிறார்கள்.

16 என்பது கடலோரத்துக்குப் பரவாயில்லை. ஈரோட்டு வறட்சிக்குக் கொஞ்சம் கூடுதல். 20க்கு மேல் போனால் அந்தப் பலகைக்குக் குறுக்கே ரீப்பர் வைத்து, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே காற்றோட்டம் விட்டு, மேலே பாரம் ஏற்றி, நிழலில் அடுக்குங்கள். முனைகளில் பழைய பெயிண்டைத் தடவி விடுங்கள், வெடிக்காமல் இருக்கும். மாதம் ஒரு தடவை ஒரே பலகையை எடை போட்டுக் குறித்து வாருங்கள். இரண்டு மாதம் எடை மாறாமல் நின்றால் தொடலாம். வளைந்துபோன பலகையைத் தூக்கி எறியாதீர்கள். அதைக் குறுகிய துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டிலும் வளைவு கொஞ்சம்தான் இருக்கும், இழைத்து நேராக்கிவிடலாம். குறுக்குத் தட்டுக்கு அதுவும் ஆகும்.

கேள்வி: தட்டுக்கு வார்னிஷ் அடிப்பதா, எண்ணெய் போடுவதா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: எண்ணெய். வார்னிஷ் தட்டில் இரும்புச் சாமான் உரசி உரசிப் படலம் உரியும், அப்புறம் பார்க்கச் சகிக்காது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், மறுநாள் இன்னொரு தடவை. மேல்முகத்துக்குப் போட்டதை அடிமுகத்துக்கும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே வேகத்தில் வாங்காது, பலகை குழிந்துவிடும்.

அம்மா, இதைவிட முக்கியம் அந்தத் துணி. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். இது நிஜம், சீவல் நிறைந்த மரப் பட்டறைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. துணியை விரித்துக் கொடியில் வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கேள்வி: கீழ்த்தட்டில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது? வீட்டில் பூனை ஒன்று வளர்க்கிறேன்.
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கனமானதும் அடிக்கடி எடுக்காததும் கீழே. சாணைக்கல் பெட்டி, கிளாம்ப், பெரிய இழைப்புளிகள், வார்ப்புத் துண்டு. உளியும் ரம்பமும் வேண்டாம். குனிந்து கை விட்டுத் தேடும் இடத்தில் கூரான சாமான் இருக்கக் கூடாது, அதோடு மேலிருந்து விழும் தூள் ஈரத்தை வாங்கி அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும். பெஞ்சுப் பலகையில் ஹோல்ட்ஃபாஸ்ட் (மரத்தைப் பெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கி) மாட்ட ஓட்டை போட்டிருந்தால் அதன் தண்டு கீழே ஒரு சாண் வரை இறங்கும். அந்த ஓட்டைகளுக்கு நேர்கீழே உயரமான பெட்டி எதுவும் வைக்காதீர்கள். பூனை வளர்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வலது ஓரத்தில் இரண்டு துண்டு அகலத்துக்குக் காலியாகவே விடுங்கள், எங்கள் ஷாப்பில் விட்டிருந்தோம். மத்தியானம் பூனை அங்கேதான் தூங்கும்.